லேப்புக்கும் உலைக்கும் நடுவே தொலையும் எண்: ஒரு திறந்த மடல்

மலேசியாவின் வட மாநிலங்களில் உள்ள உலோக ஆலைகளில் ஷிப்ட் பொறுப்பிலும் உற்பத்திப் பொறுப்பிலும் இருக்கும் அண்ணன்மார், தம்பிமார், தங்கைமார் அனைவருக்கும்,

வணக்கம். நான் பினாங்கின் நிபோங் தெபாலில் குடியிருப்பவள். பழைய அலுமினியத்தை உருக்கி இங்காட் கட்டிகளாக வார்க்கும் ஓர் ஆலையின் லேப்பில், அதாவது ஆய்வகத்தில், 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆலையின் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போவது உங்களில் பலருடைய ஆலையிலும் நடப்பதுதான். உலையடியில் எனக்குப் பெயர் ‘லேப் அக்கா’. நேப்பாளத்துத் தம்பிகளுக்கு ‘தீதீ’.

முதலாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன், அதுவும் தமிழில்? எங்கள் முதலாளிக்கு ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்று தடவையும் ‘நோட்டட்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. சரி, அவருக்கு நூறு வேலை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு உலை வாயில் நின்றுகொண்டு “அக்கா, வந்துருச்சா?” என்று சோதனை முடிவைக் கேட்டுப் போன் போடுவது அவர் இல்லை, நீங்கள்தான். உங்களில் பலர் என்னைப் போலவே லயத்து வீட்டில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, டிப்ளோமாவோ டிகிரியோ முடித்து இந்த இடத்துக்கு வந்தவர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுகிறேன்.

எங்கள் ஆலையில் இரண்டாவதாக ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் (உலோகத்தில் எந்தத் தனிமம் எத்தனை விழுக்காடு என்று எண்ணாகச் சொல்லும் மெஷின்) வாங்கப் பேச்சு நடக்கிறது. லேப் மெதுவாக இருக்கிறதாம், இன்னொரு மெஷின் வந்தால் வேகம் கூடுமாம். இந்த யோசனையைக் கிளப்பியது முதலாளி இல்லை, உற்பத்திப் பக்கம், அதாவது உங்கள் கட்சி. நான் வேண்டாம் என்கிறேன். லேப்பில் இருப்பவளே புது மெஷின் வேண்டாம் என்றால் விசித்திரமாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு பகல் ஷிப்டில், கையில் கடிகாரத்தோடு ஒரு மாதிரியின் பின்னாலேயே நடந்து பார்த்தேன். உலையிலிருந்து கரண்டியில் அள்ளி அச்சில் ஊற்றிய துண்டு இறுகி லேப்புக்கு வந்து சேர 4 நிமிடம். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பிடித்து முகத்தைச் சீவ 2 நிமிடம். (மணல்தாளில் தேய்த்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டவர்கள் உண்டு. தாளில் இருக்கும் சிலிக்கான் கார்பைடு மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துகொண்டு சிலிக்கானைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் லேத்.) அப்புறம் மெஷினில் வைத்து, ஆர்கான் வாயுவுக்குள், இடம் மாற்றி இடம் மாற்றி மூன்று தடவை ஸ்பார்க் அடித்துச் சராசரி எடுக்க 3 நிமிடம். ஆக மொத்தம் 9 நிமிடத்தில் எண் திரைக்கு வந்துவிட்டது.

அந்த எண் திரையில் வந்ததிலிருந்து உலைக்காரர் சிலிக்கான் மூட்டையில் கை வைத்த வரைக்கும் 17 நிமிடம்.

அந்த 17 நிமிடத்தில் என்ன நடந்தது? நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். உலையடிக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை, அந்த இரைச்சலில் மணி கேட்காது. திரையைப் படம் பிடித்துப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டேன். போர்மேன் கையுறையைக் கழற்றி, கைப்பேசியைத் துடைத்து, படத்தைப் பெரிதாக்கி, எண்களை வெள்ளைப் பலகையில் எழுதினார். பலகையிலிருந்து கால்குலேட்டருக்கு. கால்குலேட்டரிலிருந்து ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்துக்கு. மறுநாள் காலை கிளார்க் பெண் என் நோட்டைப் பார்த்து எக்செலில் தட்டுவாள். சரக்கு ஏறும்போது விற்பனைப் பிரிவில் இன்னொருவர் எக்செலைப் பார்த்துத் தரச் சான்றிதழில் தட்டுவார். ஒரே எண், ஆறு கை. இரண்டாவது மெஷின் வந்தால் இந்த ஆறு கையும் பன்னிரண்டாகும். வேறொன்றும் நடக்காது.

வேகம் ஏன் வேண்டும் என்பதைப் பற்றியும் நாம் ஒரே பொருளில் பேசுகிறோமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உற்பத்திக் கூட்டத்தில் வேகம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை உலை என்ற கணக்குத்தான். எனக்கு வேகம் என்றால் வேறு. உதாரணமாக நாம் எல்லாரும் ஊற்றும் ஏடிசி 12 என்ற அலுமினியக் கலவையை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய வரையறைப்படி சிலிக்கான் 9.6-லிருந்து 12.0 விழுக்காடு வரை, செம்பு 1.5-லிருந்து 3.5 வரை, மக்னீசியம் 0.3-க்கு மேல் போகக்கூடாது, இரும்பு 1.3-க்கு மேல் போகக்கூடாது. இங்காட் வாங்குபவர்கள் இரும்பை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். எங்களுடைய ஒரு வாடிக்கையாளருக்கு 0.9 தான் எல்லை.

சிலிக்கான் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். செம்பும் அப்படித்தான். மக்னீசியம் கூடினால் குளோரினோ அதற்கான உப்போ போட்டு இறக்கலாம், கண் எரியும், ஆனால் இறங்கும். இரும்பு அப்படி இல்லை. உருகிய அலுமினியத்துக்குள் கரைந்த இரும்பை நம்மைப் போன்ற உலையில் வெளியே எடுக்க நடைமுறையில் வழி கிடையாது. இரும்பு குறைந்த அலுமினியத்தைச் சேர்த்து நீர்த்துப்போகச் செய்வதுதான் ஒரே வழி. குழம்பில் உப்பு கூடினால் என்ன செய்வோம், தண்ணீர் ஊற்றுவோம். அதற்குச் சட்டியில் இடம் இருக்க வேண்டுமே!

இதுதான் விஷயம். உலையில் பாதி சரக்கு இருக்கும்போது “இரும்பு 0.97” என்று எண் வந்தால், மீதிப் பாதிக்கு ஜன்னல் சட்டத்துத் துண்டு, கம்பித் துண்டு என்று சுத்தமான சரக்காகப் பார்த்து ஏற்றிக் காப்பாற்றிவிடலாம். உலை விளிம்பு வரை நிரம்பிய பிறகு அதே எண் வந்தால் அது வெறும் இரங்கல் செய்தி. பாதியை வெளியே ஊற்றி, மறுபடி சுத்தமான சரக்கை ஏற்றி, மறுபடி எரிவாயு எரித்து, உருகிய உலோகம் காற்றில் நிற்க நிற்க மேலே கசடு கட்டி, அதையும் வழித்து எறிந்து... இந்தச் செலவெல்லாம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எஃகு ஆலைகளில் இருப்பவர்களுக்கு இதே கதை செம்பில் நடக்கும். பழைய இரும்போடு வந்த செம்பு மின்வில் உலையில் எரிந்து போகாது, கசடோடும் போகாது. அங்கேயாவது பெரிய ஆலைகளில் மாதிரியைக் குழாய்க்குள் வைத்துக் காற்றால் உறிஞ்சி லேப்புக்கு அனுப்புகிறார்கள், எண் நேராக உலைக்காரர் திரைக்குப் போகிறது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்பீர்கள். குழாய் வேண்டாம், சைக்கிள் போதும். எங்களுடைய அந்த 4 நிமிடத்தில் எனக்குக் குறையே இல்லை.

இப்போது நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் வேறு மாதிரி தெரியும்.

ஒரு நாள் இரவு ஷிப்ட் முடியும் நேரம். உலையில் 15 டன். காலை 6.15-க்கு வந்த மாதிரியில் சிலிக்கான் 9.1. நான் போனில் சொன்னேன். இலக்கு 10.8. போர்மேன் கணக்குப் போட்டு 286 கிலோ சிலிக்கான் போட்டார், கணக்குச் சரி. சிலிக்கான் கட்டி சட்டென்று கரையாது, சூடு ஏற்றிக் கிளற வேண்டும், அதையும் செய்தார். 6.50-க்கு அடுத்த மாதிரி, 10.8 என்று அழகாக வந்தது. போனில் சொன்னேன். “நன்றிக்கா, வீட்டுக்குப் போறேன்” என்றார்.

இதற்கு நடுவே என்னோடு லேப்பில் வேலை பார்த்த தங்கை ஒருத்தி 6.15 மாதிரியின் திரையைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். லேப்பின் பின்பக்கத்தில் அலைவரிசை கிடைக்காது. அந்தப் படம் அவள் கைப்பேசியிலேயே மாட்டிக்கொண்டு, அவள் பஞ்ச் கார்டு அடிக்க வெளியே வந்த 7.05-க்குக் குழுவில் விழுந்தது. அப்போது பொறுப்பேற்ற பகல் போர்மேன் கைப்பேசியைத் திறந்தார். கடைசிப் படம்: சிலிக்கான் 9.1. எந்த உலை, எந்த மாதிரி, எத்தனை மணி என்பதெல்லாம் திரையின் மூலையில் எறும்பு எழுத்தில் இருந்தது. அவர் நல்ல மனிதர், வேலைக்காரர். உடனே இன்னொரு 286 கிலோ.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 டன்னில் 9.1 விழுக்காடு என்றால் 1365 கிலோ சிலிக்கான். இரண்டு தடவை போட்டது 572. ஆக 15,572 கிலோவில் 1937 கிலோ. 12.4 விழுக்காடு. எல்லை 12.0. அதை 11.5-க்கு இறக்கவே சிலிக்கான் இல்லாத சரக்கு ஒன்றேகால் டன்னுக்கு மேல் வேண்டும். உலையில் இடமில்லை. சிலிக்கானை நீர்த்தால் செம்பும் கூடவே இறங்கும், அதையும் மறுபடி போட வேண்டும். அந்த உலை மதியம்தான் வெளியே போனது.

விசாரணை நடந்தது. அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டே சொல்: ‘லேப் தாமதம்’. தங்கைக்கு எச்சரிக்கைக் கடிதம். அவள் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு பத்து காவானில் ஒரு மின்னணு ஆலைக்குப் போய்விட்டாள். நல்ல பிள்ளை. எனக்கு இன்னும் மனது ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொன்னேன். அந்தப் படம் தாமதமாக வந்ததுகூட இல்லை பிரச்சினை. பழைய எண் புது எண்ணைப் போல வேஷம் போட்டு வந்ததுதான் பிரச்சினை. தாமதமாக வந்தாலும் “நான் 6.15-ன் எண், எனக்குப் பிறகு இன்னொன்று வந்துவிட்டது” என்று அந்த எண்ணே சொல்லியிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்பு, அதற்குப் பிறகு ரப்பர், இப்போது செம்பனை. அம்மாவின் காலம் ரப்பர். பள்ளி விடுமுறையில் தோம்பை (பால் வாளியை)த் தூக்கிக்கொண்டு நானும் பால் ஸ்டோருக்குப் போவேன். அங்கே கிராணியார், அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை நிறுத்துவிட்டு, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் ரப்பர் அதிகமிருந்தால் குழாய் ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே நிற்கும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்லி, அம்மாவின் பெயருக்கு நேரே அங்கேயே எழுதுவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். தலையை நீட்டி எட்டிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் அங்கேயே சண்டை. “ஐயா, இன்னொரு தடவை விட்டுப் பாருங்க.” கிராணியார் முணுமுணுத்துக்கொண்டே விட்டுப் பார்ப்பார்.

கிராணிமார் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்தில் வளர்ந்த யாரிடம் கேட்டாலும் வேறு கதை சொல்வார்கள். நான் சொல்வது முறையை. எண் பிறந்த இடத்திலேயே எழுதப்பட்டது. சம்பந்தப்பட்டவர் கண் முன்னால் எழுதப்பட்டது. மெட்ரோலாக் அவசரக் கணக்குத்தான் என்பதால், கொஞ்சம் பாலைத் தனியாக எடுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, காய வைத்து நிறுத்துப் பார்க்கிற வழக்கமும் இருந்தது. அவசர எண் ஒன்று, உறுதி செய்த எண் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி இடம். எழுதப் படிக்கத் தெரியாத சனங்களை வைத்துக்கொண்டு அறுபது, எழுபதுகளில் நடத்திய ஒழுங்கு இது. ஆறு லட்சம் ரிங்கிட் மெஷினை வைத்துக்கொண்டு நாம் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

(பால்மரத்துக்கும் உலோகத்துக்கும் என்ன உறவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1967-ல் பினாங்கின் பிறை நகரில் உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலையின் ஊது உலையில் நிலக்கரிக்குப் பதில் பால்மரக் கரியைத்தான் எரித்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் வெட்டி வெட்டி ஓய்ந்த மரம் இந்த நாட்டின் இரும்பில் கலந்திருக்கிறது.)

சரி, நான் கேட்பது என்ன? எண்ணை ஒரே ஒரு தடவை, மெஷினே எழுதட்டும். அதற்குப் பிறகு மனிதக் கை எதுவும் அதைத் திரும்ப எழுதக்கூடாது. பார்க்கலாம், பயன்படுத்தலாம், திரும்ப எழுதக்கூடாது.

இது பெரிய வித்தை இல்லை. எங்கள் மெஷினின் மென்பொருளிலேயே ஒவ்வொரு முடிவையும் ஒரு கோப்பாக வலையமைப்புக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அணைத்தே கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டு, உலையடியில் ஒரு பெரிய திரையை மாட்ட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் தூசி தாங்கும், பேருந்து நிலையத்தில் மாட்டவில்லையா? திரையில் உலை எண், மாதிரி எண், எத்தனை மணிக்கு எடுத்தது, எல்லாம் பத்தடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி. எல்லைக்குள் இருந்தால் பச்சை, வெளியே இருந்தால் சிவப்பு. புது எண் வந்ததும் பழையது மங்கிப் பின்னால் போய்விட வேண்டும். அழியக்கூடாது, மங்க வேண்டும்.

மாதிரிக்குப் பெயர் வைப்பது லேப்பில் நடக்கக்கூடாது, உலையடியில் நடக்க வேண்டும். இதுதான் மற்றதைவிட முக்கியம், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இப்போது மார்க்கர் பேனாவில் ‘2’ என்று எழுதிய துண்டு வருகிறது. இரண்டாம் உலையா, இரண்டாவது மாதிரியா? நான் ஊகிக்கிறேன். 19 வருட ஊகம், பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு டேப்லெட்டை உலையடியில் வைத்து, மாதிரி எடுப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணும் நேரமும் அங்கேயே பிறந்துவிடும். பட்டைக்கோடு அச்சடித்துத் துண்டோடு கட்டி அனுப்பினால் நான் ஸ்கேன் செய்வதோடு சரி. தப்பான பெயரோடு வேகமாகப் பறக்கும் எண்ணைவிட ஆபத்தானது வேறு கிடையாது.

அதற்குப் பிறகு கணக்கு. 286 கிலோ என்பதை மெஷினே சொல்லிவிடலாம், ஒரு வரிச் சூத்திரம்தான். நம்மில் பலர் கையால் போடவே போடாத கணக்கு இன்னொன்று இருக்கிறது. இரும்பு, அதோடு மாங்கனீசைப் போல் இரண்டு மடங்கு, குரோமியத்தைப் போல் மூன்று மடங்கு, மூன்றையும் கூட்டினால் வருவது கசண்டுக் குறியீடு. ஒவ்வொரு தனிமமும் தன் எல்லைக்குள் இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை ஏறினால், நம் இங்காட்டை வாங்கி டை காஸ்டிங் (அச்சில் அழுத்தி வார்ப்பது) செய்பவருடைய பிடி உலையில், அதாவது உருகியதைச் சூடாக வைத்திருக்கும் உலையில், சூடு கொஞ்சம் இறங்கியதும் கடினமான துகள்கள் அடியில் படியும். அந்தத் துகள் வார்ப்புக்குள் போனால் கடைசல் கருவியின் முனை உடையும். அவர் நமக்குப் போன் போட்டுத் திட்டுவார். நாம் சான்றிதழைக் காட்டி “எல்லாம் பாஸ்” என்போம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்த ஒரு எண் திரையின் ஓரத்தில் தெரிந்தாலே பாதித் தகராறு இருக்காது.

ஆய்வகத் தகவல்களை நிர்வகிக்க லிம்ஸ் என்று தனி மென்பொருள்கள் விற்கிறார்கள். நல்லவைதான். ஆனால் முதல் நாளே அதை வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு கணினி, ஒரு அட்டவணை, ஒரு திரை, ஒரு டேப்லெட். ஐடி படித்த நம் பிள்ளை ஒருவன் இரண்டு மாதத்தில் கட்டிவிடுவான். அது ஓடி, நம் கை பழகி, என்ன குறை என்று தெரிந்த பிறகு பெரியதை வாங்கலாம். குழப்பமான வழக்கத்தின் மேல் விலை உயர்ந்த மென்பொருளைப் போட்டால் விலை உயர்ந்த குழப்பம்தான் கிடைக்கும், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது.

இவ்வளவு சுலபமான காரியம் ஏன் நடக்கவில்லை? பணம் இல்லாமல் இல்லை. இரண்டாவது மெஷினுக்குப் பணம் இருக்கிறதே. நான் நினைக்கும் காரணம் இது. எண் ஆறு கை மாறி வரும்போது, நடுவில் எங்காவது அதைக் கொஞ்சம் தட்டிக் கொட்டி நேராக்க இடம் இருக்கிறது. அந்த இடம் நமக்குத் தேவைப்படுகிறது.

உங்களுக்கும் எனக்கும் தெரிந்த உரையாடல் இது. இரும்பு எல்லை 0.9. மூன்று ஸ்பார்க்கில் 0.93, 0.94, 0.91. போன் வருகிறது: “அக்கா, இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்களேன், துண்டுல ஓட்டை இருந்திருக்கும்.” அடிக்கிறேன், 0.92. “இன்னொன்னுக்கா.” 0.90. “ஆ, அதை எழுதுங்க. அதான் சரி.” எதுதான் சரி? ஐந்தையும் சேர்த்தால் சராசரி 0.92. நமக்குப் பிடித்த எண் வரும்வரை அடித்துக்கொண்டிருப்பதற்குச் சோதனை என்று பெயர் கிடையாது.

மறு ஸ்பார்க் அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. துண்டில் ஓட்டையும் இருக்கும், விரிசலும் இருக்கும். அப்போது ஸ்பார்க் பட்ட வடு பார்க்கவே வேறு மாதிரி இருக்கும், மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று சண்டை போடும். எப்போது தள்ளலாம் என்பதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த விதி வேண்டும். மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் இவ்வளவுக்கு மேல் போனால் மெஷினே “மறுபடி அடி” என்று சொல்ல வேண்டும். அதற்குள் இருந்தால் யார் போன் போட்டாலும் அந்தச் சராசரிதான். தள்ளிய எண்ணும் அழியாமல், யார் தள்ளினார், ஏன் தள்ளினார் என்ற குறிப்போடு கிடக்க வேண்டும். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் 2017 பதிப்பில் தரவு மேலாண்மைக்கென்றே 7.11 என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். தணிக்கையாளர் வரும் வாரம் மட்டும் நாம் அதை எடுத்துப் படிப்போம்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 0.90 என்று நான் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. மாதக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது, போர்மேன் தம்பிக்குப் போனஸ் போய்விடும், வீட்டில் சின்னக் குழந்தை. எழுதினேன். அதனால்தான் எண்ணை மெஷினே எழுதட்டும் என்கிறேன். என் கையை நானே நம்பாததால் சொல்வது இது.

தொழிலாளர்களுக்கும் ஒரு பயம் உண்டு, அது நியாயமான பயம். நேரத்தோடு எல்லாம் பதிவானால், யார் எப்போது தாமதம் என்று தேடிப் பிடித்து எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்களோ என்று. என் தங்கைக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? இந்தத் தரவு ஆளைப் பிடிக்க அல்ல என்பதை நீங்கள் வாயால் சொன்னால் போதாது. முதல் ஆறு மாதம் அதை வைத்து ஒரு கடிதமும் போகக்கூடாது. அதை வைத்துச் சரக்கைப் பிடியுங்கள். எந்தப் பழைய சாமான் கடையிலிருந்து லாரி வந்த நாளில் இரும்பு ஏறுகிறது? போல்ட்டைக் கழற்றாமல் இஞ்சின் பாகங்களை அனுப்புவது யார்? பூச்சு போன இரும்புக் கரண்டியை உலைக்குள் விட்டுக் கிளறினால் எவ்வளவு ஏறுகிறது? இதற்கெல்லாம் பதில் என் 19 வருட நோட்டுப் புத்தகங்களில் இருக்கிறது. அலமாரி நிறைய. யாரும் திறந்து பார்க்க முடியாத பதில். சில நோட்டுகளைக் கரையான் பார்த்திருக்கிறது.

நாம் அவசரத்தில் விட்டுவிடக்கூடாத ஒன்றும் உண்டு. ஷிப்ட் தொடங்கும்போது அளவு தெரிந்த கட்டுப்பாட்டுத் துண்டை வைத்து மெஷினைச் சரிபார்ப்பது. வெப்பம் மாறினால், ஆர்கானின் தூய்மை குறைந்தால், மின்முனை அழுக்கானால் மெஷின் மெல்ல நகரும், வெளியே தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தை ‘லேப் தாமதம்’ என்று எழுதாதீர்கள். கட்டுப்பாட்டுத் துண்டின் எண்ணும் அதே திரையில் ஓடட்டும். இன்று மெஷின் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், என்னிடம் கேட்க வேண்டாம். எங்கள் அம்மா எட்டிப் பார்த்த மாதிரி.

எங்கள் ஆலையின் அடுத்த கொள்முதல் கூட்டம் இம்மாதக் கடைசியில். உற்பத்திப் பக்கத்திலிருந்து மூன்று பேர் உட்காருவார்கள், மூன்று பேரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மெஷினுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஷிப்ட் வந்து என்னோடு நில்லுங்கள். கடிகாரத்தை நான் கொண்டு வருகிறேன். ஒரு மாதிரியின் பின்னாலேயே உலையிலிருந்து லேப்புக்கும், லேப்பிலிருந்து மூட்டை வரைக்கும் நடந்து பாருங்கள். மற்ற ஆலைகளில் இருப்பவர்கள் உங்கள் உலையடியிலேயே நடந்து பார்க்கலாம். 9 நிமிடமும் 17 நிமிடமும் உங்களிடம் எத்தனை எத்தனையாக இருக்கிறது என்று எனக்கும் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு இரவு ஷிப்ட். இரண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர் இருக்கும். போன் மட்டும் போடாதீர்கள், கேட்காது.

இப்படிக்கு,
லேப் அக்கா
நிபோங் தெபால்